சர்ட்டிபிகேட் சுத்தம், சில் ஓட்டை: என் 2003 எம்எக்ஸ்-5 எம்.ஓ.டி.க்குப் போன கதை

முதலிலேயே ரிசல்ட்டைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வடமேற்கில் கவுன்சில், அதாவது உள்ளூர் நகராட்சி, நடத்தும் ஒரு எம்.ஓ.டி. சோதனை நிலையத்தில் என் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ விட்டேன். ஃபெயில். மேஜர் நாலு, மைனர் ஒன்று, அட்வைசரி நாலு. கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ். ஃபெயில் ஆக்கின இடத்துக்குப் போய் ஐந்து நட்சத்திரம் போடுகிறாயே, மூளை குழம்பிவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள். குழம்பவில்லை. இரண்டு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு பொய்யை அந்த மனிதர் முக்கால் மணி நேரத்தில் உடைத்தார், அதற்குத்தான் நட்சத்திரம்.

எம்.ஓ.டி. என்றால் என்ன என்று ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் லாரி, பஸ், பள்ளிக்கூட வேனுக்கெல்லாம் எஃப்.சி. காட்டுகிறோமே, அது மாதிரிதான். ஆனால் இங்கே வீட்டுக் காருக்கும் உண்டு, மூன்று வயது முடிந்துவிட்டால் வருடா வருடம் காட்டியாக வேண்டும். 1960இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சகம் ஆரம்பித்தது, அந்த அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் எம்.ஓ.டி. ஆரம்பத்தில் பத்து வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் இருந்தது, 1967இல் மூன்று வயதுக்கு இறக்கிவிட்டார்கள். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஃபெயில். மைனர் இருந்தால் பாஸ், ஆனால் சரி பண்ணிவிடு என்று அர்த்தம். அட்வைசரி என்பது 'இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் கண் வைத்துக்கொள்' என்கிற குறிப்பு. இந்த அட்வைசரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

நம்மூரில் எஃப்.சி.க்கு முதல் வாரம் வேனுக்குப் புது பெயிண்ட் அடித்து, பேர் எழுதி, மஞ்சளாக ஜொலிக்க விடுவார்கள். இங்கே பெயிண்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வண்டியைத் தூக்கி அடியைத்தான் பார்க்கிறார்கள். அடியிலும் பெயிண்ட் அடித்து ஏமாற்றலாம் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கார் பற்றி. எம்எக்ஸ்-5 முதலில் 1989இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் வந்தது, அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். இரண்டு சீட்டு, துணிக் கூரை, எஞ்சின் முன்னால், உருட்டுவது பின் சக்கரம். 2016இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது, கூரை திறக்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இவ்வளவு விற்றது வேறு எதுவும் இல்லை. என்னுடையது இரண்டாம் தலைமுறை, அதிலும் 2001 மாற்றத்துக்குப் பிறகு வந்த வகை, இங்கே எல்லோரும் மார்க் டூ பாயிண்ட் ஃபைவ் என்கிறார்கள். 1.8 லிட்டர். எஞ்சின் விஷயத்தில் இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை; எண்ணெய் மாற்று, பெல்ட் மாற்று, ஓடிக்கொண்டே இருக்கும். கியர் மாற்றும்போது கைக்குள் ஒரு 'டிக்' வரும் பாருங்கள், அதற்காகவே வாங்கலாம். எஞ்சினும் கியரும் நூறு வயது வாழத் தயார், ஆனால் அவற்றைச் சுமக்கிற தகரத்துக்கு இருபது வயதுதான் ஆயுசு. இந்தக் காரின் பிரச்சினையே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் 1,900 பவுண்டுக்கு வாங்கினேன், 87,000 மைல் ஓடியிருந்தது. விற்றவர் விளம்பரத்திலேயே '12 மாதம் எம்.ஓ.டி., ஒரு அட்வைசரிகூட இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். நான் அதைப் பார்த்துதான் மயங்கினேன். இங்கே ஒரு நல்ல வசதி உண்டு, நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் 2005 முதல் அந்த வண்டி எழுதின எல்லாப் பரீட்சையும் இலவசமாக வந்துவிடும், எத்தனை மைல், எதில் ஃபெயில், என்ன அட்வைசரி எல்லாம். நானும் பார்த்தேன். நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முந்தைய பரீட்சையில் 'பின் சில் இரண்டு பக்கமும் துரு' என்று அட்வைசரி இருந்தது; சில் என்றால் கதவுக்குக் கீழே ஓடுகிற தகரம். அடுத்த வருடம் அதே வரி, கொஞ்சம் காரமாக. அதற்கடுத்த வருடம் ஒன்றுமே இல்லை. விற்றவரிடம் கேட்டேன். 'அதெல்லாம் சரி பண்ணியாச்சு' என்றார். பில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கூரையைத் திறந்து வைத்திருந்தார், சிவப்பு நிறம், நான் என்ன செய்வேன்.

பிறகு ஹாரோவில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், பழைய கார்களிலேயே வாழ்பவர், வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, 'தம்பி, கீழ வடிவாப் பாத்தனியோ?' என்றார். பார்த்தேன் அண்ணா, கறுப்பாகப் புதுசாக இருக்கிறது என்றேன். 'புதுசா இருந்தா ஏன் புதுசா இருக்கெண்டு கேக்கவேணும்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

முதல் வருட எம்.ஓ.டி.யை ஒரு சாதாரண கராஜில் காட்டினேன், பேர் வேண்டாம், 35 பவுண்டு. பாஸ். 'அடியில் அண்டர்சீல் பூசப்பட்டுள்ளது' என்று ஒரே ஒரு குறிப்பு; அண்டர்சீல் என்பது துருப் பிடிக்காமலிருக்க வண்டிக்கு அடியில் பூசுகிற கறுப்புப் பூச்சு. கூடவே, கேட்காமலே, பிரேக் ஆயில் மாற்ற வேண்டும், பின் பிரேக் பேடு முடிந்துவிட்டது என்று 260 பவுண்டுக்கு ஒரு கொட்டேஷன். பேடு பாதிக்கு மேல் இருந்ததை நானே வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துக்கொண்டேன். கட்டணத்துக்கு உச்சவரம்பு அரசு வைத்தது, 54.85, அதற்கு மேல் வாங்கக் கூடாது, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். முப்பது பவுண்டுக்குப் பரீட்சை நடத்துகிறவருக்கு மிச்சக் காசு எங்கிருந்து வரும் என்று யோசித்தால் போதும். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை, நேர்மையான கராஜ்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் எவர் என்று முன்கூட்டியே எனக்கு எப்படித் தெரியும்.

அதனால்தான் இந்த வருடம் கவுன்சில் நிலையம். கவுன்சில்கள் தங்கள் குப்பை லாரிக்கும் வேனுக்கும் வைத்திருக்கும் சோதனைக் கூடம் இது, பல ஊர்களில் பொதுமக்களும் கொண்டுபோகலாம். இங்கே ரிப்பேர் கிடையாது. சோதனை மட்டும். ஃபெயில் ஆக்கினால் ரிப்பேர் காசு அவர்களுக்கு வரப்போவதில்லை, பாஸ் போட்டாலும் இழப்பில்லை. கெட்டது என்று சொன்னால் கெட்டதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே முழுக் கட்டணத்தையும் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புக்கிங் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. சனி ஞாயிறு கிடையாது, ஒரு நாள் லீவு போட வேண்டும். காத்திருக்கிற அறை என்று ஒன்று இருக்கிறது, நாலு நாற்காலி, காசை விழுங்கும் ஒரு காபி மெஷின், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குப்பை லாரி. ஆனால் சோதனையை நின்று பார்க்கலாம், அதற்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். எந்த எம்.ஓ.டி. நிலையத்திலும் நீங்கள் பார்க்கலாம், கேளுங்கள். நான் பார்த்தேன்.

சோதகர் ஐம்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. முதலில் லைட். ஹெட்லைட் குறி பார்க்கிற பெட்டியை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த வகை எம்எக்ஸ்-5க்கு ஹெட்லைட் மூடி பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளித்துப் புகை படிந்தது போல ஆகிவிடும், ஒளி ஒரே இடத்தில் விழாமல் சிதறும். இடது பக்கம் குறி தப்பியது, மேஜர். பற்பசை போட்டுத் தேய்த்தால் போதும் என்று சொல்வார்கள், நானும் தேய்த்தேன், இரண்டு மாதம் பளபளத்தது, அப்புறம் முன்னைவிட மோசம். உப்புத்தாள் வைத்துப் படிப்படியாகத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடிக்கிற செட் இருபது பவுண்டுக்குக் கிடைக்கிறது, அதைச் செய்யுங்கள். பழைய முதல் தலைமுறையில் தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கிற லைட், அதற்குக் கண்ணாடி மூடி, இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக எழும்பாத தொல்லை உண்டு. நம்பர் பிளேட் பல்பு இரண்டில் ஒன்று எரியவில்லை, அதுதான் மைனர். இரண்டும் எரியாவிட்டால் மேஜர் ஆகியிருக்கும். ஒரு பவுண்டு பல்பு, இரண்டு நிமிட வேலை, அதைக்கூட முதல் நாள் பார்க்காமல் போனேன் என்பது என் வெட்கம்.

புகை சோதனையில் ஜம்மென்று தேறியது. எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், அதற்காகவே வீட்டிலிருந்து நேராகப் போகாமல் ஏ40 ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போனேன். கார்பன் மோனாக்சைடு எல்லை 0.2 சதவீதம், என்னுடையது 0.04. லாம்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கிற விகிதத்தைக் காட்டும் எண், 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும், நட்ட நடுவில் நின்றது. சொன்னேனே, எஞ்சின் நூறு வயது.

அப்புறம் பிரேக் உருளை. சக்கரத்தை இரண்டு உருளைக்கு நடுவில் நிறுத்தி, மெஷின் சுற்றிவிடும், நாம் மிதிக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும். கால் பிரேக் பிரச்சினையில்லை, 50 சதவீதம் வேண்டிய இடத்தில் நிறையவே வந்தது. கை பிரேக்குக்கு வெறும் 16 சதவீதம் போதும். எனக்கு வந்தது 11. ஒரு பக்கம் பிடிக்கிறது, ஓட்டுநர் பக்கப் பின் சக்கரம் சும்மா சுற்றுகிறது. மேஜர். வீட்டு வாசலில் மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் கியரில் போட்டு நிறுத்துவேன், ஏன் என்று ஒருநாளும் என்னையே கேட்டதில்லை.

இது இந்தக் காரின் பரம்பரை நோய். பின் சக்கரத்தில் பிரேக் பேடுகளைப் பிடித்து அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கு ஒரு ஊசி உண்டு, அது உப்புத் தண்ணீரில் இறுகிவிடும். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க ரோடு முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள், அது வண்டிக்கு அடியில் போய்ச் செய்கிற வேலைதான் இந்தக் கட்டுரை முழுவதும். நல்ல செய்தி, இதை நாமே செய்யலாம். காலிப்பரைக் கழற்றி, ஊசியைச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்கு உரிய கிரீஸ் போட்டு மாட்டுங்கள். கை பிரேக் தேய்மானத்தைச் சரி செய்ய காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட்டு இருக்கிறது, அதைக் கழற்றினால் உள்ளே நாலு மில்லிமீட்டர் எல்லன் கீ நுழைகிற ஒரு திருகு. டிஸ்க்கு சுற்றாமல் நிற்கும் வரை திருகி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். கை பிரேக் லீவரைத் தரதரவென்று இறுக்கிவிட்டு சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கேபிள் நீளுமே தவிர நோய் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் முடித்தேன், செலவு கிரீஸ் டப்பா மட்டும்.

முன்னால், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஆன்ட்டி ரோல் பார் லிங்க்கில் பால் ஜாயின்ட் ஆட்டம், அது மூன்றாவது மேஜர். ஜோடி 25 பவுண்டு. வேகத்தடையில் ஏறினால் முன்னால் 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் பாதிக்குப் பாதி அதுதான். இதற்கு மேல் சஸ்பென்ஷனில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: கீழ்க் கையைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகள், சக்கர அலைன்மென்ட் அதில்தான் வைப்பார்கள், அவை ரப்பர் புஷ்ஷுக்குள் துருப்பிடித்துப் போய் ஒன்றோடொன்று கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் போட்டால் உடையும், கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அலைன்மென்ட் கடைக்காரர் 'இந்த வண்டிக்கு முடியாது சார்' என்று கைவிரித்தால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

இனி சில்.

சில் என்பது கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற தகரப் பெட்டி. சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைச் சுமக்கும். இதில் கூரை துணி. அப்படியென்றால் முன் பாதியையும் பின் பாதியையும் கட்டிப் பிடித்திருப்பதில் பெரும் பங்கு இந்தச் சில்லுக்குத்தான். சோதகர் வண்டியை லிஃப்டில் ஏற்றினார், கையில் ஒரு சின்ன சுத்தி மாதிரி ஒன்று, துரு பார்ப்பதற்கென்றே உள்ள கருவி. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்தக் கூடாது, தட்டலாம், லேசாகச் சுரண்டலாம், அவ்வளவுதான் விதி. முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக், டக். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் சத்தம் மாறியது. பொத். அட்டைப் பெட்டியில் தட்டின மாதிரி. நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். கறுப்பு அண்டர்சீல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பொரிந்து விழுந்தது, அதற்குள்ளே இருந்தது இரும்பு இல்லை. பட்டி. நம்மூர் டிங்கர் கடையில் பள்ளத்தை நிரப்பப் பூசுவார்களே, அதே பட்டி. சாம்பல் நிறத்தில் பிஸ்கட் மாதிரி உடைந்து தரையில் கிடந்தது.

சீட் பெல்ட், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் இவை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பாரம் தாங்கும் தகரம் அரித்துப் போயிருந்தால் ஃபெயில். இந்தக் காரில் சில்லின் பின் முனையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அந்த 30 சென்டிமீட்டருக்குள்தான் வரும், பக்கத்திலேயே சீட் பெல்ட்டும் பின் சஸ்பென்ஷனும் இருக்கின்றன. பட்டி, ஃபைபர், ஒட்டுத்தாள் எதையும் ரிப்பேர் என்று ஏற்கமாட்டார்கள். தகரத்தை வைத்து விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாகப் பற்றவைக்க வேண்டும், அங்கங்கே பொட்டு வைத்தாலும் போதாது. நாலாவது மேஜர். இன்னொரு பக்கச் சில்லில் பட்டி இல்லை, வெறும் துரு, அது அட்வைசரி. பிரேக் பைப்பில் மேல்துரு, முன் டயர் இரண்டும் 1.6 மில்லிமீட்டர் எல்லைக்கு அருகில், பிரேக் டிஸ்க்கு தேய்ந்து விளிம்பு கட்டியிருக்கிறது. ஆக நாலு அட்வைசரி.

ஒரு வருடத்துக்கு முன் பாஸ் போட்டவரைத் திட்டலாமா என்றால் முழுக்கத் திட்ட முடியவில்லை. அன்றைக்கு அண்டர்சீல் கெட்டியாக இருந்திருக்கும், தட்டினாலும் சத்தம் தெரிந்திருக்காது. சோதகர் எதையும் கழற்றக் கூடாது, கார்ப்பெட்டைத் தூக்கக் கூடாது, பூச்சைப் பெயர்க்கக் கூடாது. கண்ணுக்கும் கைக்கும் எட்டினதுதான் அவருடைய உலகம். எம்.ஓ.டி. பாஸ் என்றால் அந்த நாளில் அந்த மனிதருக்குத் தெரிந்த வரை சரி என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காணாமல் போன அட்வைசரியைத்தான் நான் பயந்திருக்க வேண்டும். துரு தானாக ஆறாது. ஒரு வருடம் 'துரு' என்று எழுதி, அடுத்த வருடம் ஒன்றும் எழுதாமல், நடுவில் வெல்டிங் பில்லும் இல்லையென்றால் யாரோ பூசியிருக்கிறார்கள்.

பழைய எம்.ஓ.டி. முடிய இரண்டு வாரம் இருந்தது, டேஞ்சரஸ் எதுவும் இல்லை, ஆகவே ஓட்டிக்கொண்டு போகவிட்டார்கள். பத்து வேலை நாளுக்குள் சரி செய்து அங்கேயே கொண்டுபோனால் மறுசோதனைக்குப் பாதிக் கட்டணம். முன்கூட்டியே போவதில், ஃபெயில் ஆனாலும் ஓட்டிக்கொண்டு வரலாம் என்பது ஒரு லாபம். இன்னொன்று, முடியும் தேதிக்கு ஒரு மாதத்துக்குள் போனால் அடுத்த வருடமும் அதே தேதிதான், நாள் நஷ்டமில்லை. கடைசி நாளில் போய் ஃபெயில் ஆனால் அதற்குப் பிறகு நேராகப் பட்டறைக்கோ முன்பதிவு செய்த சோதனைக்கோ தவிர வேறெங்கும் ஓட்ட முடியாது, எம்.ஓ.டி. இல்லாமல் ஓட்டினால் அபராதம் ஆயிரம் பவுண்டு வரை.

வெல்டிங் செய்தவர் ஒற்றை ஆள், ரயில் பாலத்துக்கு அடியில் பட்டறை, அந்த அண்ணன் காட்டிவிட்டது. வெளித் தகரத்தை அறுத்து எடுத்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தச் சில் மூன்று அடுக்கு: வெளியே ஒன்று, நடுவில் பலத்துக்கு ஒன்று, உள்ளே ஒன்று. நடு அடுக்கைக் காணோம். அதற்குப் பதிலாக இருந்தது ஈரச் சேறும் மக்கிப்போன இலையும், இரண்டு கைப்பிடி அளவு. வாசனை, மழைக்காலத்தில் கிணற்றடி மாதிரி. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கூரையைக் காட்டினார்.

துணிக் கூரையில் விழும் தண்ணீர் பின்னால் ஒரு வாய்க்காலில் இறங்கி, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கார்ப்பெட்டுக்கும் சில்லுக்கும் இறங்கும். துரு வெளியிலிருந்து உள்ளே வரவில்லை, உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது. அதன் மேல் அண்டர்சீல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. என் காரில் நடந்தது அதுவேதான்.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முன்னால் போய் எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். நான் சொல்லவில்லை, அவராகவே. 'இந்த வருட மாடலா, அப்படியென்றால் இதைப் பார்க்காமல் அனுப்பமாட்டேன்' என்றார். முன்பக்கம் எஞ்சினுக்கு இரு புறமும் ஓடும் சேஸிஸ் தண்டு, இரண்டாம் தலைமுறையில் அதன் முன் பகுதியில் இரட்டைத் தகரம் வைத்திருக்கிறார்கள், மோதலில் பலம் வேண்டும் என்பதற்காக. இரண்டு தகரத்துக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. இடது தண்டின் அடித் தையல் வாய் பிளந்து, சுட்ட அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. அந்த விரல் போன உணர்வு இரண்டு நாள் என்னை விடவில்லை. இந்தக் காரில்தான் பெண்ணை நீச்சல் வகுப்புக்கு எம்25 வழியாக எழுபது மைல் வேகத்தில் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

எம்.ஓ.டி. தாளில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. சோதகர் மேல் தப்பில்லை, பிளாஸ்டிக் தட்டு மறைத்திருக்கிறது, கழற்ற அவருக்கு அனுமதியில்லை. சில் இந்தக் காரின் பிரபலமான நோய், எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இரண்டாம் தலைமுறையைக் கொல்வது இந்த முன் தண்டுதான், அதை எந்தச் சர்ட்டிபிகேட்டும் காட்டாது. வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் தட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள், சில ஸ்க்ரூதான். மாட்டேன் என்றால் திரும்பி நடந்துவிடுங்கள், சிவப்பு நிறமாக இருந்தாலும். இந்தத் தண்டு கெட்டியாக உள்ள கார், சில் ஓட்டையாகவே இருந்தாலும், வாங்கலாம். சில்லை மாற்றத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

கணக்கு: சில் இரண்டு பக்கமும் 900, முன் தண்டு 420, மெழுகு ஸ்ப்ரே எல்லா உள்ளறைகளுக்கும் 80. சேர்த்து 1,400 பவுண்டு, காரை வாங்கினதே 1,900க்கு. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் போனில், 'டேய், அந்தக் காசுக்கு இங்கே ஒரு நல்ல ஆக்டிவாவே வாங்கிட்டு மிச்சத்துல டூர் போகலாம்டா' என்றான். உண்மைதான். ஆனால் முதல் தலைமுறைக் கார் விலையெல்லாம் ஏற்கனவே ஏறிவிட்டது, இதுவும் ஏறும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஏறாவிட்டாலும் கியர் இருக்கிறது.

மறுசோதனைக்கு ஒன்பதாவது நாள் போனேன். அதே மனிதர். வெல்டிங் விளிம்பை முழுக்க விரலால் தடவிப் பார்த்தார், டார்ச் அடித்தார், தட்டினார், டக் என்றது. 'யார் செய்தது?' என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். கை பிரேக் 24 சதவீதம் வந்தது, அதை நான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பாஸ். அட்வைசரி மூன்று: டயர், பிரேக் பைப், டிஸ்க்கு. சுத்தமான தாள் கிடைக்கவில்லை, அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை.

நிலையத்துக்கு ஐந்துக்கு ஐந்து, காபி மெஷினுக்குப் பூஜ்யம். காருக்கு மூன்றரை; அரை மதிப்பெண் முழுக்கக் கியருக்கு. மாதம் ஒருமுறை கூரையைப் பாதி திறந்து, சீட்டுக்குப் பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரை நனைகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். போன ஞாயிறு வலது பக்கம் நாலே வினாடியில் வந்துவிட்டது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் யோசிக்கிறது, அடைப்பை எடுக்க ஒரு நைலான் கயிறு வாங்க வேண்டும்.